இடது காலின் பாரம்

வில்லியனூரிலிருந்து பாகூருக்குச் செல்லும் சாலையில், வடக்கே சங்கராபரணி ஆற்றுக்கும் தெற்கே தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நெல்வயல்களின் நடுவே இருக்கிறது எங்கள் கரிக்கலாம்பாக்கம். அங்கே என் தகப்பனார் விட்டுச்சென்றவற்றுள், வீட்டையும் நிலத்தையும் காட்டிலும் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது ஒரு பழைய மோட்டார் வண்டி. கல்கத்தாவுக்கு அருகே உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தார் 1984 முதல் 2002 வரை செய்து விற்ற கான்டெஸா என்னும் வண்டி அது. நீண்ட முகமும், அகன்ற உடலும், பின்சக்கரங்கள் உந்தும் நடையுமாக இருந்தபடியால், அமெரிக்கர்கள் 1960களில் கட்டிய பருத்த எஞ்சின் வண்டிகளை நினைவூட்டுகிறது என்று சொல்லி, இந்தியாவின் 'மசில் கார்' என்று இன்றைய இளைஞர்கள் அதனைக் கொண்டாடுகிறார்கள். உண்மையில் 1964ஆம் ஆண்டில் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வின் 325 குதிரைத் திறனுக்கு முன்னால், இசுசு எஞ்சின் பொருத்திய எங்கள் வண்டியின் 88 குதிரைத் திறன் ஒரு பொருட்டாகாது. ஆயினும் அம்பாஸடரும் பியட்டும் அன்றி வேறறியாத சாலைகளில் அதன் கம்பீரம் எவ்வளவு பெரிதாகத் தோன்றியது என்பதை, அந்தக் காலத்தில் சிறுவனாயிருந்து அதன் பின்னிருக்கையில் அமர்ந்து பிரயாணம் செய்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

தகப்பனார் காலமான மறு வருஷம், ஒரு பாலத்தின் ஏற்றத்தில் அந்த வண்டி என்னை ஏமாற்றியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், எஞ்சின் உறுமிற்று, உறுமிய அளவுக்கு வண்டி முன்னேறவில்லை. உள்ளே எங்கோ உழைப்பு நடக்கிறது, அது சக்கரத்துக்கு வந்து சேரவில்லை என்னும் அந்த உணர்ச்சி எனக்கு விநோதமாக இருந்தது. கருகிய நாற்றம் ஒன்றும் கூடவே எழுந்தது. வில்லியனூர்ப் பட்டறைக்கு எப்படியோ ஓட்டிச் சென்றேன். கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்த மெக்கானிக், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தட்டின் இரு முகங்களிலும் இருந்த லைனிங் முழுவதும் தேய்ந்து, ரிவிட்டுகளின் தலைகள் வெளியே பளபளத்தன. "ஐயா, பெரியவர் ஓட்டறப்போ இடது காலைப் பெடல் மேலயே வெச்சிருப்பாரோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். கடைசி ஏழெட்டு வருஷமாக அப்படித்தான் என்றேன். "பிளேட்டே சொல்லுது" என்றார்.

ஒரு மனிதனுடைய சுபாவம் அவன் எழுதிய கடிதத்தில் இருக்கும், அவன் நட்ட மரத்தில் இருக்கும் என்று எண்ணியிருந்த நான், அது ஓர் இரும்புத் தட்டின் தேய்மானத்திலும் எழுதப்பட்டிருக்கும் என்று அன்றுதான் கண்டேன். அந்தத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தேன். பின் வந்த நாட்களில் புதிய கிளட்ச் எதை வாங்குவது என்று விசாரிக்கத் தொடங்கிய காரியம், பற்று என்பது என்ன, பற்று அறுவது என்பது என்ன என்னும் பழைய விசாரத்தில் கொண்டுபோய் என்னை விட்டது. கிளட்ச் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே இறுகப் பற்றுதல் என்றுதான் பொருள். தமிழில் அதனை 'விடுபற்றி' என்று அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விடுவதையும் பற்றுவதையும் ஒரே தொழிலாக உடைய பொருள் வேறு எது?

அதன் அமைப்பைச் சிறிது விளக்கியாக வேண்டும். பின்னால் சொல்லப்போவது யாவும் அதைப் பொறுத்தது. எஞ்சினின் பின்முகத்தில் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று எஞ்சினோடு எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. அதனை ஃப்ளைவீல் என்பர். அதற்கு எதிரே, அதனோடு திருகி முடுக்கப்பட்ட பிரஷர் பிளேட், தன்னுள் அடங்கிய வில்லின் வலியால் முன்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் தண்டின் பல்வரிசையில் கோத்தபடி, இரு முகங்களிலும் உராயும் பொருள் பதித்த மெல்லிய தட்டு ஒன்று நிற்கிறது. வில் அழுத்தும்போது நடுத்தட்டு ஃப்ளைவீலோடு ஒன்றாகி எஞ்சினின் வேகத்தைத் தன் வேகமாகக் கொள்கிறது. காலால் பெடலை மிதிக்கும்போது வில் பின்வாங்க, தட்டு எஞ்சினை விட்டு விலகிச் சக்கரங்களின் வேகத்தைத் தன் வேகமாகக் கொள்கிறது. அவ்வளவுதான். ஆதியில் வந்த மோட்டார் வண்டிகளில் இதே வேலையைத் தோல் போர்த்திய கூம்பு ஒன்று செய்தது. பொருள் மாறியதேயன்றித் தத்துவம் மாறவில்லை.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பற்றியிருத்தல்தான் கிளட்ச்சின் இயல்பான நிலை. யாரும் ஒன்றும் செய்யாதபோது அது பற்றிக்கொண்டே இருக்கும். விடுவதற்குத்தான் பிரயத்தனம் வேண்டும், காலின் பாரம் வேண்டும். உலகத்தில் பிறந்த ஜீவனுடைய நிலையும் இதுதான் என்று நம் முன்னோர் கண்டார்கள். மணிமேகலைக் காப்பியம் பௌத்தரின் பன்னிரு சார்புகளைத் தமிழில் அடுக்கும்போது, பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று நிரல்படுத்துகிறது. பாலி மொழியார் உபாதானம் என்றதை அக்காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் பற்று என்றார். இந்த வரிசையில் என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது ஊறு என்னும் ஆறாவதும் பற்று என்னும் ஒன்பதாவதும் வேறு வேறாக நிற்பதுதான். ஊறு என்பது தீண்டுதல். பொறி புலனைத் தொடுவது. தொட்டதெல்லாம் பற்று அன்று. தொடுதலுக்கும் பற்றுதலுக்கும் இடையில் நுகர்வும் வேட்கையும் ஆகிய இரண்டு படிகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் மனிதனுடைய சுதந்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். கிளட்ச் பெடலை மெல்ல விடும்போது, தட்டு ஃப்ளைவீலைத் தொடும் கணத்துக்கும் அதனோடு ஒன்றிவிடும் கணத்துக்கும் இடையே ஓர் அரைவிநாடி இருக்கிறது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் மாணவனுக்கு உண்மையில் கற்றுக்கொடுப்பது அந்த அரைவிநாடியைத்தான்.

சைவ சித்தாந்திகளோ இதைவிட நெருங்கி வருகிறார்கள். ஆன்மா தனித்து நிற்கும் சுபாவம் உடையதன்று. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகும் இயல்புடையது என்பது அவர்கள் கோட்பாடு. மலத்தைச் சார்ந்தால் மலமாகவும், திருவருளைச் சார்ந்தால் அருளாகவும் அது விளங்கும். இருளில் இருளாகவும் ஒளியில் ஒளியாகவும் நிற்கும் கண்ணை இதற்கு உவமையாக அவர்கள் காட்டுவதுண்டு. நடுத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்தபோது, தனக்கென்று ஒரு வேகமில்லாத அந்தப் பொருள், இப்பக்கம் சேர்ந்தால் எஞ்சினாகவும் அப்பக்கம் சேர்ந்தால் சக்கரமாகவும் ஆகிவிடும் அந்தப் பொருள், சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சொன்னதை மறுமொழியின்றி ஒப்புக்கொள்வதாகவே எனக்குத் தோன்றிற்று. தேய்வதும் அதுதான். ஃப்ளைவீல் தேய்வது சொற்பம். பல்சக்கரங்கள் தேய்வது அதனினும் சொற்பம். இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டின் பேதத்தையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் தட்டே தேய்ந்து மடிகிறது.

யந்திரத்தைக் கொண்டு ஆன்மாவை விளக்குவது சிறுபிள்ளைத்தனம் என்று யாரேனும் சொல்லக்கூடும். அவர்களுக்கு என் சமாதானம் இது: கடோபநிஷதம் உடலைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் சொன்னபோது, அந்தக் காலத்து மனிதன் அறிந்த யந்திரங்களில் மிகச் சிறந்ததைத்தான் கையாண்டது. எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டிலே பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது என்பதும், அவனுடைய எட்டாம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று கிராமங்கள் தானமாக வழங்கப்பட்டன என்பதும் பாகூர்ச் செப்பேடுகளால் தெரிகிறது. அத்தகைய வித்யாஸ்தானங்களில் அமர்ந்து வாதம் செய்த பண்டிதர்கள் காரண காரியத்தை எதைக் கொண்டு விளக்கினார்கள்? குயவனுடைய குடத்தையும் நெசவாளியின் நூலையும் ஆடையையும் கொண்டுதான். நெசவாளிக்குத் தறி இருந்தது. எனக்குப் பட்டறை வாய்த்தது. தேரின் உறுப்புக்களைத் தனித்தனியே பெயர் சொல்லிக் காட்டி, தேர் எங்கே என்று கேட்ட பௌத்த பிக்கு நாகசேனருடைய கேள்வியை, பிளேட் மாறிய பின்னும் இது தகப்பனாருடைய வண்டிதானா என்ற உருவத்தில் என் உறவினர் ஒருவர் எழுப்பினார். அது வேறு விசாரம், அதற்குள் இப்போது புகவில்லை.

புதிய கிளட்ச்சுக்கு வருகிறேன். உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு உதிரிச் சாமான் தேடுவது ஒருவகை யாத்திரை. சென்னைப் புதுப்பேட்டையின் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தேன். முடிவில் என் முன்னால் மூன்று வழிகள் நின்றன. பழைய தட்டுக்கே புதிதாக லைனிங் அடித்து, ரிவிட் வைத்துத் தரலாம் என்றார்கள். செலவு குறைவு, ஆனால் தட்டின் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் சிறு வில்கள் ஏற்கனவே தளர்ந்திருந்தபடியால் அது உசிதமன்று. கம்பெனி வைத்ததைப் போன்ற சாதாரண லைனிங் உள்ள புதுத் தட்டு ஒன்று கிடைத்தது. மூன்றாவதாக, பந்தயக்காரர்கள் விரும்பும் ஒன்று: சாதாரண லைனிங்குக்குப் பதிலாகச் செராமிக் வில்லைகள் பதித்த தட்டும், வழக்கத்தைவிட வலிய வில் உள்ள பிரஷர் பிளேட்டும். இதைக் காட்டிய கடைக்காரர், இது ஆயுள் முழுவதும் வழுக்காது என்றார். வழுக்கி வழுக்கியே பழுதாகி நின்ற வண்டியின் சொந்தக்காரனுக்கு இதைவிட இனிய வாக்கு வேறென்ன இருக்க முடியும்? நான் ஏறக்குறைய அதை வாங்கிவிட்டேன். மறுநாள் சொல்கிறேன் என்று ஏதோ எண்ணத்தில் திரும்பி வந்தேன்.

வில்லியனூர் மெக்கானிக்கிடம் கேட்டபோது, அவர் சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு நாள் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. "ஐயா, அது பிடிக்கிற பிளேட்டு இல்லை, கடிக்கிற பிளேட்டு." செராமிக் தட்டு மெதுவாகச் சேர்வதை அறியாது, தொட்டவுடன் கவ்வும். வண்டி குதித்துக் கிளம்பும். வலிய வில்லை மிதித்து மிதித்து இடது முழங்கால் நோகும். ஃப்ளைவீலின் முகம் சீக்கிரம் பழுதாகும். தட்டு வழுக்கித் தாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி அப்படியே பின்னால் போய், 88 குதிரைத் திறனுக்கென்று அளந்து செய்த கியர்பாக்ஸின் பற்களிலும் பின்னச்சிலும் விழும். வேகப் பந்தயத்தில் ஒரு நாள் ஓடி மறுநாள் கழற்றப்படும் வண்டிக்கு அது தகும்; வேகத்தடைக்கு ஒருமுறையும், பஸ் நிற்குமிடத்துக்கு ஒருமுறையும், சாலையில் நெல் காய வைத்திருக்கும் இடத்துக்கு ஒருமுறையும் நின்று நின்று கிளம்ப வேண்டிய எங்கள் பாகூர்ச் சாலைக்கு அது தகாது.

இதைக் கேட்டபின் எனக்கு ஒரு விஷயம் துலங்கியது. வழுக்குதல் குற்றம் என்று நான் எண்ணியிருந்தது தவறு. நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் ஒன்றாக்க வேண்டுமானால், ஒரு கணமேனும் வழுக்கியே தீர வேண்டும். அந்த வழுக்கலில் இரண்டின் பேதம் வெப்பமாக மாறுகிறது. வெப்பத்தைத் தட்டு தன் உடம்பில் ஏற்றுக்கொள்கிறது. இதற்கு மாறாகக் கணமும் வழுக்காத பற்று ஒன்று இருக்குமானால், அது எஞ்சினை அணைத்துவிடும், அல்லது எதையேனும் முறித்துவிடும். கணவன் மனைவியரிடத்தும், தாய் மக்களிடத்தும், குரு சிஷ்யரிடத்தும் சில பேருடைய அன்பு ஏன் அன்பாயிருந்தும் பிறரை முறிக்கிறது என்று எனக்குப் பல காலம் விளங்காமல் இருந்தது. அவர்கள் அன்பில் குறைவில்லை. அந்த அன்புக்கு வழுக்கத் தெரியவில்லை. மற்றவனுடைய வேகம் வேறு என்பதைப் பொறுத்து, சிறிது தேய்ந்து, மெதுவாக அவனோடு சேரும் கருணை அதில் இல்லை. அது கடிக்கிற அன்பு.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னர் வந்து வடம் தொட்டு இழுத்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து தொடங்கிவைக்கும் வழக்கமாக அங்கே நீடிக்கிறது. தேருக்கு எஞ்சின் இல்லை. ஆயிரம் பேருடைய கைகள்தான் எஞ்சின், அந்தக் கைகளேதான் கிளட்ச்சும். வடத்தைப் பிடித்திருப்பவன் தேர் அசையும் கணத்தில் கையை இறுக்குகிறான். தேர் ஓடத் தொடங்கியதும் சிறிது நெகிழ விடுகிறான். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்பவன் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒருங்கே விடுகிறார்கள். விடத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும் கூட்டத்தின் முன்னால் முட்டுக்கட்டைக்காரனுடைய உயிர் நிற்காது. தேரை இழுத்து வந்தவன் வீட்டுக்குப் போகும்போது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறான். அதில் வடத்தின் தழும்பு இருக்கிறது. அவன் பற்றியதும் உண்மை, விட்டதும் உண்மை.

பற்றறுத்தல் என்றால் என்ன என்னும் கேள்விக்கு இனி வருகிறேன். நம் நாட்டில் இதற்குப் பெரும்பான்மையோர் கொண்டிருக்கும் பொருள், எஞ்சினை அணைத்துவிடுவது என்பதாகும். ஆசையை அழி, செயலை நிறுத்து, உள்ளே ஓடுவதை ஓயச்செய் என்று அவர்கள் உபதேசிக்கிறார்கள். வள்ளுவர் துறவு என்று ஓர் அதிகாரமே வகுத்தவர். ஆனால் அதற்கு முன்னால் இல்லறத்துக்கு இருபது அதிகாரம் வகுத்தவரும் அவரே. கீதையோ, போர்க்களத்தின் நடுவில் தேரை நிறுத்திக்கொண்டு, செயலை விடாதே, பயனின்மேல் உள்ள பிடியை விடு என்கிறது. கிளட்ச்சை மிதித்தவன் எஞ்சினை அணைத்தவன் அல்லன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. வண்டி மட்டும் அதிலிருந்து விடுபட்டு நிற்கிறது. அந்த நிலையில்தான் கியரை மாற்ற முடியும். அணைந்த எஞ்சினோடு கியரை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை. பற்றிக்கொண்டிருக்கும் கிளட்ச்சோடு மாற்றினால் பற்கள் நறநறவென்று அழும். துறவு என்பது கியர் மாற்றும் கணம் என்று நான் கொள்கிறேன். அது வாழ்க்கை முழுவதும் நீடிக்கும் நிலையாகச் சிலருக்கு வாய்க்கலாம்; அவர்கள் மகான்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது நாளொன்றுக்குப் பத்து முறை வந்து போகும் ஒரு கணம்.

புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு இவ்விடத்தில் ஒரு பிரெஞ்சுச் சொல் நினைவுக்கு வராமல் இராது. கிளட்ச்சை விடுவிப்பதற்குப் பிரெஞ்சில் 'தெப்ரெயே' என்பார்கள். அதே சொல், தொழிலாளர் ஆலையில் வேலையை நிறுத்துவதற்கும் வழங்குகிறது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியின் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பன்னிரண்டு தொழிலாளர் உயிர் துறந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. யந்திரத்தை விட்டு அவர்கள் கையை எடுத்தது சோம்பலாலன்று. மனித வாழ்வின் மேல் கொண்ட பற்றினால். விடுதல் ஒரு செயல், அதிலும் பெரிய செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அரவிந்தர் 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் வந்திறங்கியதையும் நான் அவ்விதமே எண்ணிக்கொள்வேன். அரசியலின் பல்சக்கரத்திலிருந்து தம்மை விடுவித்துக்கொண்ட அவருள் எஞ்சின் ஓய்ந்ததா? கீதையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1916 முதல் 1920 வரை 'ஆர்யா'வில் மாதந்தோறும் வெளிவந்தன. அவர் வேறொரு கியருக்கு மாறியிருந்தார்.

அப்படியானால் உண்மையான தோஷம் எது? பற்றுதலும் தோஷமன்று, விடுதலும் தோஷமன்று. திண்ணையில் கிடக்கும் அந்தத் தேய்ந்த தட்டு எனக்கு விடை சொல்லிற்று. ஓட்டுநர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெடலின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது. கால் முழுவதும் அழுத்துவதில்லை, ஆகவே கிளட்ச் விடுபடுவதில்லை. கால் முழுவதும் எடுபடுவதும் இல்லை, ஆகவே வில்லின் முழு வலி தட்டுக்குக் கிட்டுவதில்லை. விட்டும் விடாத, பற்றியும் பற்றாத அந்த நிலையில் தட்டு ஒவ்வொரு கணமும் சிறிது வழுக்கிக்கொண்டே, சிறிது கருகிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் கணத்தின் வழுக்கல் கருணையென்றேன். அது ஒரு கணம் என்பதனால்தான் கருணை. அதையே வாழ்வின் நிலையாக ஆக்கிக்கொண்டால் அது தீயாகிறது.

என் தகப்பனார் கடைசி வருஷங்களில் குடும்ப நிர்வாகத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்வார். சாவிக்கொத்து அவர் தலையணையடியில்தான் இருக்கும். நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என் பொறுப்பு என்பார். விட்டபின் குத்தகைக்காரரை அழைத்துத் தனியாகப் பேசுவார். நான் பேசாமல் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால், உன் இஷ்டம்தானே எல்லாம் என்று வருந்துவார். விட்டுவிட்டேன் என்று சொல்வதில் அவர் பொய் சொல்லவில்லை. விட அவர் உண்மையாகவே விரும்பினார். பற்றியிருக்கவும் உண்மையாகவே விரும்பினார். இந்த இரண்டு விருப்பங்களுக்கும் நடுவே அவர் எவ்வளவு கருகியிருப்பார் என்பதை அவர் இருந்தவரையில் நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று மட்டும் எண்ணியிருந்தேன். ரிவிட் தலைகள் பளபளக்கும் அந்தத் தட்டைக் கண்டபோதுதான், அவர் எங்களுக்காகத் தேய்ந்த மனிதர் என்பதும், அந்தத் தேய்வில் பாதியேனும் தேவையற்றது என்பதும் ஒருங்கே எனக்கு விளங்கின. அவரிடம் இதைச் சொல்ல இனி வழியில்லை. என் மகன் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறான். அவன் ஓட்டும்போது பக்கத்தில் அமர்ந்திருக்கும் எனக்கும் இடது கால் தரையில் தங்குவதில்லை, இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நான் கவனித்தேன்.

சாதாரணத் தட்டையே வாங்கினேன். தட்டு மட்டும் மாற்றினால் போதாது, பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் கூடவே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். தேய்ந்தவனோடு புதியவனைச் சேர்த்தால் புதியவனும் விரைவில் தேய்வான் என்பது அவர் அனுபவம். ஃப்ளைவீலைக் கழற்றி லேத்தில் கொடுத்து அதன் முகத்தை மெல்லிசாகச் சீவி எடுத்தார்கள். எஞ்சினின் பின் சீலில் ஆயில் கசிகிறதா என்று பார்த்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் லைனிங்கில் பட்டாலும் புதுத் தட்டும் வழுக்கும். தட்டை நடுவாக நிறுத்துவதற்குப் பழைய கியர்பாக்ஸ் தண்டு ஒன்றைப் பட்டறையில் வைத்திருந்தார்கள். அதை உள்ளே செருகி, கண்ணை இடுக்கிப் பார்த்து, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகச் சிறிது சிறிதாக முடுக்கினார் மெக்கானிக். பெடல் மேலிருந்து இறங்கும்போது முதலில் சிறிது தூரம் வெறுமையாக இறங்க வேண்டும், அந்த வெறும் தூரம் இல்லாவிட்டால் நாம் கால் வைக்காமலே கிளட்ச் பாதி விட்டுக்கொண்டிருக்கும் என்று, அதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தார். பற்றுக்கும் விடுதலுக்கும் நடுவே சிறிது வெற்றிடம் வைக்க வேண்டும் என்பதை ஒரு மனிதர் இத்தனை சிரத்தையோடு அளந்து வைப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முதல் எண்ணூறு கிலோமீட்டர் வரையில் அவசரமாக ஓட்டாதீர்கள், புதுத் தட்டும் ஃப்ளைவீலும் ஒன்றையொன்று பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அவர் சாவியைக் கொடுத்தபோது மாலையாகிவிட்டது. வில்லியனூரிலிருந்து புறப்பட்டு, ஊரைக் கடந்து, வீட்டில் நிற்காமல் பாகூர் வரையில் போனேன். சாலை நெடுகிலும் அறுப்பு முடிந்த வயல்கள். எத்தனையோ முறை நின்றேன், எத்தனையோ முறை கிளம்பினேன். ஒவ்வொரு முறையும் அந்த அரைவிநாடி காலடியில் தெரிந்தது, தட்டு மெல்லத் தொட்டுப் பின் சேர்ந்தது. நேர்சாலை வந்ததும் இடது கால் பழக்கத்தால் பெடலை நோக்கி எழுந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தேன். சிறிது நேரத்தில் மீண்டும் எழுந்தது, மீண்டும் வைத்தேன். பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதுதான், கடைசி இரண்டு மைலும் அது தரையிலேயே இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.